மதகடிக் கழனி

மதுராந்தகம் பக்கம் உதவி வேளாண்மை அலுவலராக இருந்த வருடங்களில், வேடந்தாங்கல் ஏரிக்குக் கீழே உள்ள கழனிகள் என் பொறுப்பில் இருந்தன. சென்னையிலிருந்து வருகிறவர்கள் கரைமேல் நடந்து, மரங்களில் அடைந்திருக்கும் பறவைகளைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடுவார்கள். எனக்கு வேலை மதகுத் தண்ணீர் பாயும் இடத்தில். அதனால் அந்த ஏரியை நான் பெரும்பாலும் கழனியிலிருந்துதான் பார்த்தேன்.

மொத்தமே 30 ஹெக்டேர் உள்ள சின்ன ஏரி. வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்பதும் இல்லை. ஜூன் மாதம் போனால் உள்ளே மாடு மேய்ந்துகொண்டிருக்கும், தரை பாளம் பாளமாக வெடித்திருக்கும். மாதக்கணக்கில் தண்ணீரில் மூழ்கி நின்ற நீர்க்கடம்பு மரங்கள் அடிமரம் தெரிய நிற்கும். பழைய கூடுகளின் சுள்ளிகள் மட்டும் கிளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றும் காலம் அது. ஆனால் அந்தச் சேற்றுக்கு அடியில் ஆப்பிள் நத்தைகள் ஓட்டின் வாயை மூடியால் இறுக அடைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கின்றன. கழனிகளிலும் அப்படித்தான். சொர்ணவாரி என்னும் கோடைப் பட்ட நெல்லுக்கு உழும்போது மண்ணோடு மேலே வந்து விழும். எடுத்துப் பார்த்தால் கனமாக இருக்கும். உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

ஐப்பசி அடைமழையில் ஏரிக்குத் தண்ணீர் வரும். நத்தைகள் மேலே வரும். கூடவே நத்தைகுத்தி நாரைகள் வந்துவிடும். அப்புறம் நீர்க்காகம், வக்கா, அரிவாள்மூக்கன், கூழைக்கடா என்று நவம்பர், டிசம்பருக்குள் மரங்கள் நிறைந்துவிடும். இவை மரத்தைத் தேடி வருவது கூடு கட்டத்தான். அடியில் தண்ணீர் நிற்கும்வரை நாயோ பூனையோ நெருங்காது. இரைக்கு ஏரி மட்டும் போதாது. சுற்றியுள்ள ஏரிகளுக்கும் குட்டைகளுக்கும் கழனிகளுக்கும் போய்த்தான் ஆக வேண்டும். குஞ்சு பொரித்த பிறகு கரையில் நின்றால், நாள் முழுக்க ஏதாவது ஒரு நாரை வெளியே கிளம்பிக்கொண்டும் இன்னொன்று திரும்பிக்கொண்டும் இருக்கும். எங்கே போகிறது என்று கரையில் நிற்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நவரைப் பட்ட நெல் நடவு முடிந்த கழனியில் எனக்குக் கொஞ்ச தூரத்தில் வந்து இறங்கும்.

நத்தைகுத்தியின் அலகு நுனியில்தான் சேரும். நடுவில் இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் வரும். கலங்கல் தண்ணீரில் அலகை விட்டுத் துழாவி நத்தையைப் பிடிக்கும். பிடித்ததை மேல் அலகால் தரையோடு அழுத்தி, கீழ் அலகின் நுனியை மூடிக்கு அடியில் செலுத்தும். உள்ளே தசை அறுந்ததும் சதை முழுசாக வெளியே வந்துவிடும். ஓட்டில் பெரும்பாலும் கீறல்கூட இருக்காது. வரப்போரம் கிடக்கும் வெற்று ஓடுகளைப் பார்த்தே நேற்று இங்கே எத்தனை வேலை நடந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இந்த இடத்தில்தான் என் வேலையும் பறவையின் வாழ்வும் முட்டிக்கொண்டன. நட்ட இரண்டு மூன்று வாரத்தில் தண்டுத் துளைப்பான் புழுவுக்காகக் குருணைப் பூச்சிமருந்து போடும் பழக்கம் பல கிராமங்களில் உண்டு. மணலோடு கலந்து தூவிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அந்தத் தண்ணீரில் உள்ள நத்தையைத்தான் நாரை எடுத்துப் போய்க் குஞ்சுக்கு ஊட்டுகிறது. வேண்டாம் என்று சொல்வது மட்டும் விவசாயிக்கு உதவாது. வேறு என்ன செய்வது என்று காட்ட வேண்டும். நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடச் சொன்னோம். துளைப்பான் முட்டைக் குவியல் அந்த நுனியில்தான் இருக்கும். அந்த முட்டையை அழிக்கும் சிறு குளவியான டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி உள்ள அட்டை கட்டினோம். இனக்கவர்ச்சிப் பொறி வைத்தோம். எல்லாரும் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்டவர்களின் கழனியில் தை, மாசி முழுக்க நாரைகள் நடந்தன.

மதகடிக் கழனிக்காரர் ஒருவர் முதல் சந்திப்பிலேயே சொன்னார்: “இந்த நாலு காணிக்கு நான் உப்பு வாங்கறதே இல்ல சார். பறவத் தண்ணியே போதும். எங்கப்பாவும் வாங்கினதில்ல.” உப்பு என்று அவர் சொன்னது யூரியாவை. மரத்தடியில் விழும் எச்சம் ஏரித் தண்ணீரில் கரைந்து தழைச்சத்தாகக் கழனிக்கு வருகிறது. பேச்சாக விட்டுவிடாமல் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்தேன். காலை எட்டு மணிக்கு மேல், வெயில் நேரடியாக விழாதபடி என் நிழலில் இலையைப் பிடித்து, முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையின் பச்சையோடு ஒப்பிட வேண்டும். அட்டையில் ஒவ்வொரு பச்சைக்கும் ஓர் எண் உண்டு. வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே இறங்கினால்தான் யூரியா. மதகிலிருந்து தள்ளிக் கிணற்றுத் தண்ணீர் பாயும் கழனிகளில் நிறம் இறங்கியபோதும், இவருடைய பயிர் கரும்பச்சையாகவே நின்றது. அங்கே போய் மற்ற கழனிகளுக்குச் சொல்லும் அதே யூரியா அளவைச் சொன்னால் இலைச் சுருட்டுப் புழுவையும் குலை நோயையும் வரவழைத்தது போலாகும். அன்றிலிருந்து மதகடிக் கழனிகளுக்குத் தனியாகப் பரிந்துரை எழுதினேன்.

இந்த ஊர்க்காரர்கள் பறவையைக் காப்பாற்றிய கதையின் அடியிலும் இந்தத் தண்ணீர் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டதை இவர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்புக்கு ஒரு கவுல், அதாவது உறுதிப் பத்திரம், வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏரி சேர்வதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே ஊர் முடிவெடுத்துவிட்டது. அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

தண்ணீர் குறைந்த வருடங்கள் வேதனையானவை. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது ஏரியும் கழனியும் சேர்ந்தே காய்ந்தன. ஓரளவு மழை பெய்த வருடங்களிலும் பங்குனியில் சிக்கல் வரும். கதிர் பால் பிடிக்கும் நேரம், மதகைத் திறக்க வேண்டும். நத்தைகுத்திக் குஞ்சு ஒரு மாதத்துக்குச் சற்று மேலானால் பறந்துவிடும். கூழைக்கடாக் குஞ்சுக்கு மூன்று மாதமாவது வேண்டும். பிந்திக் கூடு கட்டியவற்றின் குஞ்சுகள் அப்போதும் மரத்தில்தான் இருக்கும். குறுகிய வயது ரகத்தை மார்கழிக்குள் நட்டுவிட்டால் இந்த மோதல் பாதி குறையும். விதை கொடுப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சரணாலயப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2020இல் அந்த வட்டத்தைச் சுருக்கும் யோசனை வந்தபோது, வெளிவட்டத்தில் வெறும் வயலும் வீடும்தானே என்று பலர் பேசியது எனக்குக் கோபமூட்டியது. அந்த வயலில்தான் குஞ்சுக்கு இரை இருக்கிறது.

மாறுதல் வந்தபோது, அடுத்து வருபவருக்காக மதகடிக் கழனிகளின் சர்வே எண்களைத் தனித்தாளில் எழுதினேன். எந்தக் கழனிக்கு யூரியா குறைக்க வேண்டும், யார் ஒட்டுண்ணி அட்டை கேட்பார்கள், யாரிடம் குருணை பற்றி இன்னொரு முறை பேச வேண்டும் என்று குறித்தேன். வந்தவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, கழனிகளை நேரில் காட்டச் சொன்னார். இருவரும் மதகிலிருந்து ஆரம்பித்தோம்.