சட்டை நனையவே இல்லை

தென்னாப்பிரிக்காவின் கடலோர டர்பனில் வளர்ந்தவனுக்கு வெயில் என்றால் வியர்வை. தைப்பூசத்துக்குக் காவடியோடு நடந்தால் இடுப்பு வேட்டி நனைந்து ஒட்டிக்கொள்ளும், அதை வைத்தே எப்போது தண்ணீர் குடிப்பது என்று நமக்குத் தெரிந்துவிடும். அதே கணக்கை நமீபியாவுக்குக் கொண்டுபோனதுதான் என் தப்பு.

போனது ஃபிஷ் ரிவர் கேன்யன் என்ற பெரிய பள்ளத்தாக்கு. ஹோபாஸ் பக்கம் இறங்கி ஆய்-ஆய்ஸ் வெந்நீர் ஊற்று வரை சுமார் 85 கிலோமீட்டர், எங்களுக்கு ஐந்து நாள். கோடையில் வெயிலும் வெள்ளமும் ஆபத்து என்பதால் மே 1 முதல் செப்டம்பர் 15 வரைதான் நடக்க விடுகிறார்கள். டாக்டர் சான்றிதழ் கட்டாயம், மூன்று பேருக்குக் குறைந்தால் அனுமதி இல்லை. காவடி எடுத்த காலுக்கு சர்டிஃபிகேட்டா என்று அன்றைக்குச் சிரித்தேன்.

முதல் நாள் இறக்கத்திலேயே சிரிப்பு போய்விட்டது. ஆரம்பத்தில் பிடித்துக்கொள்ள சங்கிலி கட்டியிருக்கிறார்கள், அப்புறம் உருளும் கல்தான், முதுகில் 17 கிலோ, கீழே வந்து சேரும்போது முழங்கால் தன்னால் ஆடுகிறது. ஆனால் சட்டை காய்ந்தே இருந்தது. வியர்க்கவில்லையே, தண்ணீரை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். வியர்வை வராமல் இல்லை, அந்தக் காய்ந்த காற்றில் வந்த வேகத்தில் ஆவியாகிவிடுகிறது, முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு மட்டும் மிஞ்சும். மூன்று மணிக்குத் தலை விண் விண் என்று தெறித்தது. பயந்துபோய் மடமடவென்று ஒரு பாட்டில் குடித்தேன், குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

அண்ணன் என்னைப் பாறை நிழலில் உட்கார வைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஒவ்வொரு வாயாகக் கொடுத்தார். "சட்டையப் பாக்காத தம்பி, ஒண்ணுக்குப் போறப்ப பாரு. கடும் மஞ்சளா இருந்தா நடக்காத, உக்காந்து குடி." இதைவிட நல்ல அறிவுரை எனக்கு அந்த ஐந்து நாளில் கிடைக்கவில்லை. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் உடம்பில் உப்பு குறைந்து வேறு தொல்லை வரும். அம்மா திணித்து அனுப்பிய எலுமிச்சை ஊறுகாயை, கனம் என்று நான் திட்டிய அதே ஊறுகாயை, மறுநாளிலிருந்து மணிக்கொரு தரம் நக்கினேன்.

அதன்பின் விடிந்ததும் நடை, பதினொரு மணிக்கு நிழல், மூன்றரைக்கு மேல் மறுபடி நடை. ஆற்றுத் தண்ணீரை வடிகட்டி மாத்திரை போட்டுத்தான் குடித்தோம். உள்ளே போன் எடுக்காது, அதனால் யாருக்காவது முடியவில்லை என்றால் இரண்டாம் நாள் கந்தக ஊற்றுப் பக்கம் இருக்கும் அவசர வழியில் எல்லோருமே ஏறிவிடுவது என்று முன்னாலேயே பேசி வைத்திருந்தோம். ராத்திரி குளிர் எலும்பில் இறங்கும். அப்படியும் ஆற்றோரம் மெத்தென்று கிடந்த மணலில் அண்ணன் படுக்க விடவில்லை. எங்கோ மேலே பெய்த மழை நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வந்து சேரும். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த டர்பன்காரனுக்கு இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை, பழைய வெள்ளம் ஒதுக்கிய குச்சிகளுக்கு மேலே ஏறிப் படுத்தோம்.

ஐந்தாம் நாள் ஆய்-ஆய்ஸ் வெந்நீரில் கழுத்தளவு உட்கார்ந்தபோதுதான் நெற்றியிலிருந்து சொட்டுச் சொட்டாக வியர்த்தது.