அளவெடுக்க ஆளில்லாத தையல்

மார்ச் 3, செவ்வாய்

எடைப் போர்வை (போர்த்தினால் உடலை மெல்ல அழுத்தும் கனமான போர்வை) ஆர்டர் உறுதியாகிவிட்டது. தைத்து முடித்த அளவு 120 × 180 செ.மீ., எடைக்காக உள்ளே பொடிப்பொடியான கண்ணாடி மணி. போர்த்திக்கொள்பவரின் எடை 60 கிலோ. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகப் பின்பற்றும் கணக்கு, ஆக 6 கிலோ. அது மருத்துவ விதி அல்ல. அதனால் முன்பணம் வாங்குவதற்கு முன்பே இரண்டு கேள்வி: போர்வையைத் தானே தள்ளிவிட்டு எழ முடியுமா? மூச்சுத் தொல்லை ஏதும் உண்டா? இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். கைக்குழந்தைக்கு என்றால் எடுக்கவே கூடாத வேலை இது.

மணி ஓரிடத்தில் சேராமல் இருக்க 12 செ.மீ. கட்டம். அகலத்தில் 10, நீளத்தில் 15, மொத்தம் 150. ஆறாயிரம் கிராமை 150-ஆல் வகுத்தால் கட்டத்துக்கு 40 கிராம். கட்டத்தைப் பெரிதாக்கினால் தையல் குறையும், ஆனால் மணி ஒரு மூலைக்கு ஓடிக் குவிந்துவிடும். 15 செ.மீ.க்கு மேல் போவதில் லாபமில்லை.

துணி நெருக்கமாக நெய்த பருத்தி. பாலியஸ்டர் வேண்டாம்: உரசலில் மின்னேற்றம் வந்து மணி துணியின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு தட்டினாலும் கீழே இறங்காது. துணியைத் துவைத்துக் காயப்போட்டாயிற்று. சுருங்குவதாக இருந்தால் இப்போதே சுருங்கட்டும்.

மார்ச் 4, புதன்

இரண்டு துண்டும் 124 × 184 ஆக வெட்டு, சுற்றிலும் தையலுக்கு 2 செ.மீ. மூன்று பக்கம் மூடி, திருப்பி, ஓரத்தில் இன்னொரு ஓட்டு. மணி 1 மி.மீ. அளவுதான், ஒற்றைத் தையல் ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் ஒழுகும். தையல் நீளம் 2.5 மி.மீ., ஊசி 14 நம்பர்.

பிறகு கீழிருந்து மேலாக 9 நேர்த்தையல், நடுவே மேலே வாய் திறந்த பத்துக் குழல். மேல் விளிம்புக்கு 3 செ.மீ. முன்பே நிறுத்தி, நூல் பிரியாமலிருக்க ரிவர்ஸ் (பின்னோக்கித் தையல்) அடிக்க வேண்டும், கடைசியில் வாயை உள்ளே மடிக்க அந்த இடம் தேவை. விளிம்பு வரை ஓட்டிவிட்டால் ஒன்பது இடத்தில் பிரிக்க வேண்டியிருக்கும். கிடைக்கோடுகளையும் சாக்பீஸால் இப்போதே போட்டுவிடுவது நல்லது. மணி உள்ளே போன பிறகு துணி சமமாகப் படுக்காது, கோடு கோணும்.

மார்ச் 6, வெள்ளி

நிரப்பல். 40 கிராமைத் தராசில் ஒரே ஒரு முறை நிறுத்து, சின்னக் கப்பில் கொட்டி, மட்டத்தில் பேனாக் கோடு. அதற்குப் பிறகு கோடுதான் தராசு. ஒவ்வொரு வரிசை முடிவிலும் மூட்டையில் 400 கிராம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பத்துக் குழலிலும் ஒரு கப், துணியைத் தூக்கி உதறல், அளவுகோலால் மணியைக் கீழே தள்ளல், தைக்கும் கோட்டுக்கு 2 செ.மீ. கீழே வரிசையாகக் குண்டூசி. குண்டூசிதான் அணை. அது இல்லாமல் தைத்தால் ஒரு மணியாவது ஊசிக்கு அடியில் உருண்டு வரும். ‘டிக்’ என்று சத்தம், ஊசி முனை மழுங்கல், அல்லது மணி உடைந்து துணிக்குள் கண்ணாடிச் சில்லு. மூன்றாவது வகை வந்துவிட்டால் அந்தக் கட்டத்தைப் பிரித்துக் கொட்டி மறுபடி நிரப்புவது தவிர வேறு வழியில்லை.

ஒன்பதாவது வரிசையில் ஊசி முறிந்தது. காரணம் மணி அல்ல, எடை. அதுவரை நிரம்பியது மூன்றரைக் கிலோவுக்கு மேல், மேஜை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கும் துணி பின்னால் இழுக்க, ஊசி வளைந்து தட்டில் இடித்துவிட்டது. நிரம்பிய பக்கம் முழுவதும் மெஷினுக்கு இடது பக்கம் ஒரே மட்டத்தில் படுத்திருக்க வேண்டும். மேஜை போதாவிட்டால் பக்கத்தில் நாற்காலி, அதன் மேல் தலையணை. காலியான பக்கத்தைச் சுருட்டி மெஷின் கைக்கு அடியில் விட்டால் போகும். கையால் இழுத்துக்கொடுக்கவே கூடாது.

மார்ச் 7, சனி

போர்வை முடிந்தது. வாயை மடித்து இரட்டைத் தையல். மேலுறை தனி: நான்கு மூலையிலும் பக்க நடுவிலும் நாடா, உள்போர்வையில் அதற்கு நேராக வளையம். 6 கிலோ போர்வை தண்ணீரையும் குடித்தால் வீட்டு வாஷிங் மெஷின் தாங்குமா என்பது சந்தேகம், ஆகவே துவைப்பது உறையை மட்டும்.

மெஷினைத் திறந்தால் பாபின் கேஸுக்கு (அடிநூல் உருளை இருக்கும் கூடு) அடியில் ஏழெட்டு மணி. ஊதக் கூடாது, ஊதினால் இன்னும் உள்ளே போய் உட்காரும். கேஸைக் கழற்றி பிரஷால் வெளியே இழுக்க வேண்டும்.

நேரக் கணக்கு: மொத்தம் 14 மணி நேரம். அதில் மெஷின் ஓடியது 4 மணி நேரம்கூட இல்லை. எத்தனை மீட்டர் தையல் என்று பார்த்துக் கூலி சொல்லியிருந்தால் கைக்காசு போயிருக்கும்.

மார்ச் 10, செவ்வாய்

கூடார ஜிப். வாய் பிளக்கிறது, பல் எல்லாம் முழுசாக இருக்கிறது. அப்படியென்றால் தேய்ந்தது ரன்னர், அதாவது பல்லைப் பூட்டிக்கொண்டு நகரும் துண்டு. முழு ஜிப்பையும் மாற்றச் சொன்னார்கள், தேவையில்லை. ரன்னரின் பின்பக்கம் நம்பர் இருக்கும், இதில் 10. நம்பர் ஒன்றானாலும் சுருள் ஜிப்புக்கும் வார்ப்புப் பல் ஜிப்புக்கும் ரன்னர் வேறு வேறு, மாற்றிப் போட்டால் நகரவே நகராது. ஓரத் தையலை 6 செ.மீ. பிரித்து, பழையதை உருவி, புதியதை இரண்டு பக்கமும் ஒரே பல்லில் ஏற்றி, முனையில் கைத்தையலால் தடுப்பு. இருபது நிமிடம். இடுக்கியால் பழைய ரன்னரை நெரித்தாலும் சில நாள் ஓடும், ஆனால் அதற்குக் கூலி வாங்கக் கூடாது.

மார்ச் 11, புதன்

திருப்பி அனுப்பியது ஒன்று. உயரத்தில் வேலை செய்பவர் இடுப்பில் மாட்டும் பாதுகாப்பு பெல்ட், ஓரிடத்தில் தையல் விட்டிருக்கிறது, ‘நாலு ஓட்டு போதும்’ என்றார்கள். முடியாது. அந்தத் தையலின் நூல், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சுமை ஏற்றிச் சோதித்து முடிவானவை. புதிதாக விழும் ஒவ்வொரு ஊசித் துளையும் நாடாவின் இழையைத்தான் அறுக்கிறது. கார் சீட் பெல்ட், குழந்தை இருக்கைப் பட்டை, மலையேற்றப் பட்டை எல்லாம் இந்தக் கணக்குதான். தோள் பைப் பட்டை என்றால் தாராளமாக: 4 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சதுரம் அடித்து, உள்ளே குறுக்காகப் பெருக்கல் குறி. நைலான் நாடா முனையை நெருப்பில் லேசாகக் காட்டி உருக்கிவிட்டால் பிசிறாது.

மார்ச் 14, சனி

பழைய டி-ஷர்ட் இருபதைச் சேர்த்து ஒரு போர்வை. 35 செ.மீ. சதுரம், தையலுக்குப் பக்கத்துக்கு 1 செ.மீ. போக 33. நாலுக்கு ஐந்து வைத்தால் 132 × 165.

டி-ஷர்ட் பின்னல் துணி, வெட்டினால் சுருளும், தைத்தால் இழுபடும். ஆகவே முதலில் ஃப்யூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உள்துணி), பிறகுதான் வெட்டு. மெல்லிய ஃப்யூசிங் 38 செ.மீ. சதுரமாக, படத்தின் பின்பக்கம். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்கக் கூடாது. 10 விநாடி அழுத்து, தூக்கு, அடுத்த இடம். தேய்த்தால் துணி நீண்ட நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும், வட்டம் முட்டையாகிவிடும். படம் கீழ்ப்பக்கம் இருப்பதால் அதற்கும் மேஜை விரிப்புக்கும் நடுவே எண்ணெய் உறிஞ்சாத பட்டர் பேப்பர். இல்லாவிட்டால் ரப்பர் அச்சு விரிப்போடு ஒட்டிப் பெயர்ந்து வரும்.

ஒரு டி-ஷர்ட்டில் படம் 40 செ.மீ. அகலம். கழுத்துக்கு மிக அருகில் அச்சடித்தது வேறு இரண்டு. மேலே தையலுக்குத் துணியே இல்லை. வேறு துணிப் பட்டி சேர்க்கலாமா, படத்தைக் கொஞ்சம் இழக்கலாமா என்பது உரிமையாளர் முடிவு. எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் படம் எடுத்து அனுப்பி, பதில் எழுத்தில் வந்த பிறகே கத்தரி. வெட்டிய டி-ஷர்ட் திரும்ப வராது.

மார்ச் 15, ஞாயிறு

ஊசியை உருண்டை முனைக்கு மாற்றியாயிற்று. சாதாரணக் கூர்முனை பின்னல் கண்ணியை அறுத்துவிடும். அன்றைக்குத் தெரியாது, இரண்டு துவைப்புக்குப் பிறகு தையலோரம் ஓட்டை ஓட்டையாக வரும். தையல் விட்டு விட்டு விழுந்தாலும் முதலில் ஊசியைத்தான் சந்தேகப்பட வேண்டும், நூலின் டென்ஷனை (இறுக்கத்தை) அல்ல. அச்சின் மேல் ஃபுட் (துணியை அழுத்தும் மெஷின் பாதம்) ஒட்டிக்கொண்டு நின்ற இடங்களில் மேலே டிஷ்யூ பேப்பர் வைத்து ஓட்டிவிட்டுக் கிழித்தெடுத்தது.

மார்ச் 17, செவ்வாய்

கேன்வாஸ் உறையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட் ஜன்னல், அரை மி.மீ. தடிமன். இதில் பிரித்துத் தைப்பது என்ற பேச்சே இல்லை, துளை விழுந்தால் விழுந்ததுதான். குண்டூசிக்குப் பதில் கிளிப். தையல் நீளம் 4 மி.மீ. நெருக்கமாக அடித்தால் தபால்தலை ஓரம் போல ஆகி, இழுத்ததும் கிழியும். அதே காரணத்துக்காக ரிவர்ஸும் கிடையாது, நூல் முனைகளைப் பின்பக்கம் இழுத்து முடிச்சு. வெயில் படும் பொருள் என்பதால் பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் வெயிலிலும் ஈரத்திலும் இற்றுப்போகும். முதலில் ஷீட்டை முழுசாகக் கேன்வாஸ் மேல் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு பின்னாலிருந்து கேன்வாஸை வெட்டித் திறந்து, ஓரத்தை மடித்து இரண்டாவது ஓட்டு. ஓட்டையை முதலில் வெட்டினால் கேன்வாஸ் இழுபட்டு ஜன்னல் கோணலாகும்.

கொடுக்கும்போது சொல்ல வேண்டியது: மடிக்காமல் சுருட்டி வைக்கவும், இஸ்திரி அருகில் போகக் கூடாது.

மார்ச் 19, வியாழன்

விசாரணை: கரடி வேஷத்துக்குத் தலையும் கையுறையும், நீள ரோமத் துணி. இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, கையகலத் துண்டு ஒன்று கேட்டிருக்கிறது. பின்பக்கத்திலிருந்து பிளேடால் அடித்துணியை மட்டும் கீறி, ரோமத்தை உள்ளே தள்ளி 4 மி.மீ. தையலில் ஓட்டி, தையலுக்குள் சிக்கிய ரோமத்தைத் தடித்த ஊசியால் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். தையல் மறைந்தால் எடுக்கலாம். மறையாவிட்டால் ரோமம் குட்டையானது, வேறு துணி வாங்கிவரச் சொல்ல வேண்டும். பேட்டர்ன் காகிதம் ஒவ்வொன்றிலும் ரோமம் சாயும் திசைக்கு அம்புக்குறி, ஒரு காதை வெட்டியதும் காகிதத்தைத் திருப்பிப் போட்டே அடுத்தது. இரண்டும் இடது காதாக வெட்டுவது இந்த வேலையில் சாதாரணமாக நடக்கும்.