மலைத் தண்ணீருக்கு இரவல் காவல்

கடற்கரையில் பக்கத்து ஊரிடம் உயிர்காப்பாளரை இரவல் கேட்பது பெரிய காரியமில்லை. மணல் தொடர்ந்து கிடக்கிறது. ஒரு கோபுரத்தில் நின்றால் அடுத்த கோபுரத்தின் கொடி தெரியும். அங்கே ஆள் குறைந்தால் இங்கிருந்து ஒருவர் மிதவைக் குழலைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடியே போய்விடலாம். பருவமும் கைகொடுக்கிறது. தென்மேற்குக் கரையில் குளிப்புக் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, அறுகம்பைப் பக்கம் மே முதல் ஒக்டோபர் வரை. ஒரு கரை கொந்தளிக்கும்போது மறு கரை சாதுவாக இருக்கும். ஆளும் பலகையும் அதற்கேற்ப இடம் மாறலாம்.

பெந்தோட்டை, நீர்கொழும்பு ஹொட்டேல்களில் குளக் காவல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் மலையகப் பிள்ளைகள் இந்தத் திட்டத்தையும் மனதில் கொண்டுவருகிறார்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இரண்டு பேர், மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் இரண்டு பேர், ஆபத்தென்றால் ஒருவருக்கொருவர் ஓடிவருவது. தாளில் அழகாகத்தான் இருக்கிறது. நோர்வூட் சந்தியில் ஒரு கொழுந்து லொறி முன்னால் மாட்டியதும் திட்டம் முடிந்துவிடும்.

மூழ்குகிறவர் மேற்பரப்பில் போராடும் நேரம் பெரும்பாலும் 20 முதல் 60 விநாடி. சின்னப் பிள்ளையென்றால் அதுவும் இல்லை. மூச்சு நின்றபின் நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்குகிறது. வரைபடத்தில் காசல்ரீயும் மவுஸ்ஸாகலையும் அடுத்தடுத்த வீடுகள். வளைவுப் பாதையில் எந்தப் பக்கத்து நிலையத்திலிருந்து யார் புறப்பட்டாலும் வந்து சேரும்போது தேவைப்படுவது சுழியோடிதான். ஆகவே கடற்கரை ஒப்பந்தத்தை அப்படியே மலைக்கு ஏற்றக் கூடாது. அங்கே ‘கூப்பிட்டால் வருகிறேன்’ என்பது வேலை செய்யும். இங்கே கூப்பிடுவதற்கு முன்பே வந்து நிற்கும் ஆளைத்தான் பகிர முடியும். நாட்காட்டியைப் பகிரலாம், கருவியைப் பகிரலாம், பயிற்சியையும் தகவலையும் பகிரலாம். அவசரத்தைப் பகிர முடியாது.

நாட்காட்டி நமக்குச் சாதகம்தான். சிவனொளிபாத மலைப் பருவம் டிசம்பரின் உந்துவப் போயா எனும் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கில் முடிகிறது. அந்த மாதங்களில் இரவு முழுக்க மலையேறி இறங்கியவர்கள், தூக்கமில்லாத உடம்போடு, வேனை நிறுத்திவிட்டு மவுஸ்ஸாகலை, காசல்ரீ ஓரங்களில் இறங்குவார்கள். வார இறுதியும் போயாவும் சேர்ந்தால் கூட்டம் இரட்டிக்கும். ஏப்ரலில் நுவரெலியாவின் வசந்த காலம், கிரகரி வாவியும் சுற்றியுள்ள அருவிகளும் ஆட்களால் நிரம்பிவிடும். ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவ மழை. ஆறுகள் பெருகி ஹட்டன் பக்கம் குளிப்பவர் குறையும்போது, அதே மாதங்களில் பதுளை, எல்லப் பக்கம் வெயில் காய்ந்து இராவணன் எல்ல அருவியில் ஆள் மொய்க்கும். வருட இறுதியில் வடகீழ்ப் பருவம் வந்தால் அது தலைகீழாகும். கடற்கரையில் இரண்டு கரை செய்வதை மலையில் இரண்டு சரிவு செய்கிறது. ஒரு சரிவின் ஆளை மறு சரிவில் ஒரு மாதம் நிறுத்தலாம். ஒரு மணி நேரத்துக்கு நிறுத்துவதில் பயனில்லை.

இதற்குள் இன்னொரு சின்ன நாட்காட்டியும் உண்டு. தோட்டத் திருவிழாவில் கரகம் பாலிப்பது, அதாவது கரகக் குடத்தைச் சோடித்து எடுப்பது, ஆற்றோரத்தில், அதுவும் இருட்டியபின். கருமாதி முழுக்கும் அங்கேதான். பத்திருபது பேர் நீரோரம் நிற்கும் இந்த வேளைகளில் காவல் என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை. பக்கத்துத் தோட்டத்து உறவுக்காரரும் வரவேண்டும் என்று திருவிழாத் திகதிகளைத் தள்ளிவைத்துக்கொள்வது வழக்கம்தானே. கோயில் கமிட்டிகள் பேசும் அதே கூட்டத்தில் எறிகயிறோடு நிற்கப்போகும் இரண்டு பேரையும் பேசி முடித்துவிடலாம். செலவு இரண்டு சாப்பாடும் ஒரு டோர்ச் விளக்கும்.

ஒப்பந்தம் எழுதும்போது முதல் வரியில் ‘எப்போது தரமாட்டேன்’ என்பது இருக்க வேண்டும். பலருக்கு இது முகத்தில் அடித்தது போல் படும். ஆனால் இரவல் காவலில் முதலில் வெறுமையாவது கொடுத்தவரின் கரைதான். இரண்டு பேர் உள்ள இடத்திலிருந்து ஒருவரை அனுப்பினால் மிச்சமுள்ளவர் பார்க்கவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். அவர் இறங்கிய நிமிடம் கரையில் கண் இல்லை. தொடர்ந்து நீரைப் பார்ப்பவரின் கவனம் அரை மணியில் தளர்ந்துவிடுவதால் மாற்றி நிற்க இன்னொருவர் தேவை. ஆகவே குறைந்தது மூன்று பேர் மிஞ்சாத இடம் ஆள் கொடுக்கக் கூடாது. கொடுத்தே ஆகவேண்டுமென்றால் தன் கரையில் சிவப்புக் கொடி ஏற்றி மூடிவிட்டுக் கொடுக்க வேண்டும். அரைகுறைக் காவல் காவலே இல்லாததை விட மோசம். காவல் உண்டு என்று சொல்லும் சிவப்பு–மஞ்சள் கொடியைப் பார்த்துத்தான் அம்மாமார் பிள்ளைகளை நீரில் விடுகிறார்கள்.

அடுத்தது யார் சொல் செல்லும் என்பது. கரை ஒரு தோட்டத்தின் எல்லைக்குள், அணை மின்சாரத் துறையிடம், ஊர் பிரதேச சபையிடம். அம்பகமுவ சபை பிரிந்து, 2018 தேர்தலிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா சபைகள் தனியாக இயங்குகின்றன. பிரதேச சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்றே 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. 2018 திருத்தம்தான் அந்தக் கதவைத் திறந்தது. சபைகள் இரண்டு சேர்ந்து ஒரு காவல் அணியை வைத்திருக்க இப்போது இடமிருக்கிறது. ஆனால் கரையை மூடும் அதிகாரம் ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். அது அந்தக் கரையின் உள்ளூர்ப் பொறுப்பாளர். வந்தவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் அவருக்குக் கீழேதான். ஒரே ஒரு விதிவிலக்கு: மூடச் சொல்லும் உரிமை எல்லோருக்கும், திறக்கச் சொல்லும் உரிமை பொறுப்பாளருக்கு மட்டும்.

சைகையில் நடக்கும் குழப்பத்தைச் சொன்னால் சிலர் நம்புவதில்லை. கடற்கரைப் பயிற்சியில், கரையில் நிற்பவர் ஒரு கையை நேராக மேலே உயர்த்தினால் ‘கரைக்குத் திரும்பு’ என்று பொருள். கித்துல்கலையில் ராஃப்டிங் பழகியவருக்கு நேராக நிமிர்த்திய துடுப்பு ‘வழி சரி, வா’ என்கிறது. இரண்டு பேரையும் ஓர் ஆற்றில் நிறுத்தினால், ஒருவர் தடுப்பதை மற்றவர் அழைப்பாக எடுத்துக்கொள்வார். விசிலும் அப்படியே. ஓர் ஊதல், இரண்டு ஊதல், மூன்று ஊதல் ஆகியவற்றின் பொருள் ஒவ்வொரு பயிற்சியிலும் ஒவ்வொரு மாதிரி. அருவியடியில் விசிலே கேட்காது என்பது வேறு விஷயம். ஆகவே நான்கைந்து கைச் சைகைகளை மட்டும் பொதுவாக வைத்து, பலகையில் படமாக வரைந்து ஒவ்வொரு நிலையத்திலும் தொங்கவிடுவது நல்லது. கூடினால் நினைவில் நிற்காது.

கடலில் கற்றவர் மலைத் தண்ணீரில் மறக்க வேண்டியவையும் உண்டு. இழுநீரோட்டத்தில் கரைக்கு இணையாக நீந்து என்ற பாடத்துக்கு நீர்த்தேக்கத்தில் வேலையில்லை. இங்கே எமன் வேறு: நாலடி ஆழத்திலிருந்து திடீரென்று சரியும் கரை, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, சேறு. கடல்நீர் நன்னீரை விட இரண்டரை சதவீதம் கனமானது. கடலில் மல்லாந்து சுலபமாக மிதந்தவர் இங்கே அமிழ்ந்து போவார். உப்பில் பழகிய மீட்பாளர் முதல் நாளிலேயே இதை உடம்பில் உணர வேண்டும், கூட்டம் வரும் நாளில் அல்ல. குளிர் இன்னொன்று. குளிர்ந்த நீரில் விழுந்த முதல் ஓரிரு நிமிடம் மூச்சு தன்னிச்சையாக வாரி இழுக்கும். அந்த இழுப்பில் தண்ணீர் உள்ளே போனால் நீச்சல் தெரிந்தவரும் மூழ்குவார். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும் என்பதால் மீட்பாளரும் நெடுநேரம் தாங்கமாட்டார். பனியன் போட்டுக்கொண்டு காவல் நிற்பது கல்கிசையில் சரி.

பழைய மஸ்கெலியா நகரம் மவுஸ்ஸாகலை நீருக்கடியில் கிடக்கிறது. வரட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயிலின் எச்சம் தலைகாட்டும், பார்க்க ஆட்கள் நடந்தே இறங்குவார்கள். மேலே காய்ந்து வெடித்த சேறு உள்ளே களியாக இருக்கும். முழங்கால் வரை போனவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுப்பவரும் இறங்குவார். மீட்புப் பலகையையோ ஏணியையோ படுக்கப் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்துப் போக வேண்டும். இதைக் கடற்கரைப் பயிற்சியில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள், இங்கே சேற்றில் நின்று பழகியவர்தான் வந்தவருக்குச் சொல்ல வேண்டும்.

கடலிலிருந்து இரவலாக வரும் காற்று நிரப்பும் படகு தனிக் கதை. கடல் மட்டத்தில் 3 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு நிரப்பிய குழாயை அப்படியே லொறியில் ஏற்றி, ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரத்திலுள்ள காசல்ரீக்குக் கொண்டுவந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் 1.8 பிஎஸ்ஐ அளவு குறைந்திருக்கும். குளிர் கொஞ்சம் ஈடுசெய்தாலும், உச்சி வெயிலில் குழாய் முரசு போல இறுகித் தையல் விடும். காற்றை இறக்கிவிட்டு ஏற்றி, இங்கே வந்து நிரப்புங்கள். திரும்பிக் கீழே போகும்போது அது தொளதொளத்துவிடும், ஓட்டை என்று பதற வேண்டாம். வெளி என்ஜினும் இந்த உயரத்தில் பத்திலொரு பங்கு வலுவிழக்கும். பழைய காப்ரேட்டர் என்ஜின் பெற்றோலைக் கூடுதலாகக் குடித்துக் கரும்புகை கக்கும், மூன்று பேர் ஏறினால் முனை தூக்கித் திணறும். பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்தள்ளும் தூரம், ஓர் அங்குலம் குறைந்த விசிறியை மாட்டினால் பாதிக் குறை தீரும். கடலில் ஓடிய என்ஜினை முதலில் பத்து நிமிடமாவது நன்னீரில் ஓடவிட்டுக் கழுவிய பிறகே இரவல் கொடுக்க வேண்டும்.

எறிகயிற்றுப் பைதான் மலையில் உண்மையான ஆயுதம். கைநீட்டு, எறி, படகில் போ, கடைசியாகத்தான் நீந்து என்ற வரிசையில் ஆற்றோரத்தில் இரண்டாவதோடு வேலை முடிந்துவிட வேண்டும். 15 முதல் 20 மீற்றர் நீளமுள்ள, மிதக்கும் பொலிப்புரொப்பிலீன் கயிறு. இதைச் சுருட்டி வைக்கக் கூடாது. ஒரு கையால் பையின் வாயைப் பிடித்து, மறு கையால் பிடிபிடியாகத் திணிக்க வேண்டும். சுருட்டி வைத்த கயிறு எறியும்போது முடிச்சாகி ஐந்து மீற்றரில் நின்றுவிடும். முதல் எறி தவறினால் கயிற்றைத் திரும்பத் திணிக்க நேரமில்லை, பைக்குள் கொஞ்சம் தண்ணீரை மொண்டு, கனத்தோடு மறுபடி எறியுங்கள். குறி ஆளின் தலைக்கு மேலே, தோளுக்கு அப்பால். கயிறு உடம்பின் குறுக்கே விழ வேண்டும். எறிந்தவர் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொள்ளவே கூடாது. மூடுபனி மாதங்களில் கயிறு காயாது, பூஞ்சணம் பிடிக்கும். லயத்தில் ஈர விறகையும் துணியையும் அடுப்புக்கு மேலே போட்டு உலர்த்துவது நம் பழக்கம், இந்தக் கயிறை மட்டும் அங்கே போடாதீர்கள். பிளாஸ்டிக் இழை சூட்டில் இறுகி நொறுங்கும். தாழ்வாரத்தில், நிழலில், காற்றாடத் தொங்கட்டும்.

பகிர்வதில் மலிவானது தகவல். தலவாக்கலையில் வெயில் அடிக்கும்போதே அக்கரபத்தனைப் பக்கம் கொட்டியிருக்கும். ஆக்ரா ஓயாவில் வரும் தண்ணீர் கீழேயிருப்பவரிடம் சொல்லிக்கொண்டு வராது. நீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சலின் தொனி தடிப்பது மூன்றில் ஒன்று தெரிந்தாலும் எல்லோரையும் கரையேற்ற வேண்டும். ஆனால் அதற்கும் முன்பே மேலே உள்ள தோட்டத்திலிருந்து ஒரு தொலைபேசி வந்துவிட வேண்டும். ‘இங்கே அடைமழை, நேரம் இரண்டு மணி’ என்றால் போதும். வான்கதவு திறக்கும் அறிவிப்பையும் இதே சங்கிலியில் போடலாம். சிக்னல் இல்லாத பள்ளத்தாக்குகளில் யார் மேட்டுக்கு ஓடிவந்து பேசுவது என்பதையும் பெயர் சொல்லித் தீர்மானித்துவிடுங்கள்.

வந்தவருக்குக் கரையைக் காட்டப் பத்து நிமிடம் போதும், ஆனால் நின்று, கை காட்டிச் சொல்ல வேண்டும். சரிவு தொடங்கும் இடம், அடிக்கட்டைகள், அன்றைய நீர்மட்டம், சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி திரும்பக்கூடிய திருப்பம். அதன் 1990 இலக்கத்துக்கு அழைக்கும்போது தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது, டிவிசனும் எந்தப் பாதை வழி என்பதும் சொல்ல வேண்டும். ஒரே தோட்டத்துக்கு மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று இரண்டு வாசல் இருக்கும். மீட்கப்பட்டவரின் மூச்சு நின்றிருந்தால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதல். சில பயிற்சிகள் இரண்டு என்றும் சில ஐந்து என்றும் சொல்லும், இரண்டு அணியும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். பிறகு 30 நெஞ்சழுத்தம், இரண்டு ஊதல். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், பிள்ளையைத் தலைகீழாகப் பிடிப்பதும் கூட்டத்திலிருந்து யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் சொல்லும் வைத்தியம். மரியாதையாக, ஆனால் உறுதியாக, அவரைத் தள்ளி நிற்கச் சொல்ல ஒருவரை முன்பே ஒதுக்கி வையுங்கள்.

பணத்தில் ஒரு வழி சுமுகமாக நடக்கும்: சம்பளமும் காப்புறுதியும் அனுப்பியவர் பொறுப்பு, சாப்பாடு, தங்குமிடம், பஸ் காசு அழைத்தவர் பொறுப்பு. போயா நாள் சம்பளம் யாருடையது என்று தனி வரி எழுதுங்கள், சண்டை வருவது அதில்தான். கருவி திரும்பும்போது எண்ணி மட்டும் வாங்காமல், ஒவ்வொரு எறிகயிற்றுப் பையையும் புல்லில் ஒருமுறை முழுதாக இழுத்துவிட்டு, முடிச்சும் ஈரமும் பார்த்து, மீண்டும் திணித்த பின் கையெழுத்துப் போடுங்கள்.