ஒரு கம்பு ஒடித்துக்கொள்ளட்டுமா?

நம் வீடுகளில் வளர்கிற குண்டுமல்லி காய்த்து விதை முற்றுவது அநேகமாக நடப்பதே இல்லை. பதியன் போட்டோ கம்பு நட்டோதான் அது ஒரு மண்ணிலிருந்து இன்னொரு மண்ணுக்குப் போகிறது. ஆகவே எந்த வீட்டு வாசலில் மல்லிச் செடி நின்றாலும், அதை ஒருவர் ஒடித்துக் கொடுத்திருக்கிறார், இன்னொருவர் வாங்கி வந்து நட்டிருக்கிறார் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மதிலோரம் நிற்கும் செடி, என் மாமியார் தம் பிறந்த வீட்டிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிப் பேருந்தில் கொண்டுவந்தது. அந்த வீட்டுக்கு அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை, டெல்லிக் கனகாம்பரம் ஆகியவற்றின் கதையும் இதுதான். பூவுக்காகவே மனிதர் தேர்ந்து வளர்த்த செடிகளில் பல, தாமாகப் பரவும் வழியை இழந்துவிட்டு, ஒருவர் கேட்பதையும் மற்றவர் கொடுப்பதையும் நம்பியே இருக்கின்றன.

பூந்தோட்டம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக நடக்கிற அளவு இடம், மொட்டை மாடியில் சில தொட்டிகள், கதவுக்கு வெளியே சாக்கடையை ஒட்டிக் கொஞ்சம் மண் ஆகியவைதான் எங்கள் தோட்டம். மல்லியும் பிச்சியும் வெயில் விழும் தெற்கு மூலையில் இருக்கின்றன; அவற்றுக்கு நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், நிழலில் வைத்தால் இலையை மட்டும் தளதளவென்று காட்டிக்கொண்டிருக்கும். கனகாம்பரம் அரைநிழலைப் பொறுத்துக்கொள்ளும் என்பதால் அதற்கு முருங்கையின் அடி. சங்குப்பூ, மாடிப்படியின் கம்பியைப் பிடித்து ஏறி நிற்கிறது. அந்திமந்தாரையை நான் நடவே இல்லை. மிளகு போன்ற அதன் விதை எங்கு விழுந்ததோ அங்கெல்லாம் அதுவே முளைத்துக்கொண்டது.

மல்லிச் செடி புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். இதைத் தெரிந்துகொண்டால் தோட்டத்தில் பாதி வேலை புரிந்த மாதிரி. கார்த்திகை பிறந்த பிறகு, நவம்பர் கடைசியில், தண்ணீரைக் குறைத்து, செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். கவாத்துச் செய்யத் தயங்கி, பச்சையாக நிற்கும் கிளையை எப்படி வெட்டுவது என்று கை நடுங்குகிறவர்கள் வீட்டில், மாசி பங்குனியில் செடி புதராக இருக்கும், பூ எண்ணி எடுக்கும் அளவுக்குத்தான் இருக்கும். வெட்டிய செடியைச் சுற்றிக் கொத்திவிட்டு, மட்கிய சாணமும் சாம்பலும் போட்டு வைத்தால், பனி விலகி வெயில் ஏறும்போது ஒவ்வொரு வெட்டுக்குக் கீழும் இரண்டு மூன்று துளிர்கள் வெடித்து வருவதையும், அவற்றின் நுனியில் அரிசி முனை போன்ற மொட்டுகள் தோன்றுவதையும் நாள்தோறும் போய்ப் பார்க்கலாம். நான் அப்படிப் பார்ப்பதுண்டு. காலைக் காப்பியை அடுப்படியில் குடித்து வெகுகாலம் ஆயிற்று.

கவாத்து நாளில்தான் தெருவில் இருக்கிற தோட்டக்காரிகள் எல்லோருக்கும் எங்கள் வீட்டு நினைவு வரும். வெட்டிப் போட்ட குவியலிலிருந்து ஆளுக்கு நாலு கம்பு எடுத்துப் போவார்கள். ஆனால் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் காலத்தில் கம்பு வேர் விடுவது மெதுவாகத்தான் நடக்கும். அதனால் கட்டாயம் வேண்டும் என்று சொல்லி வைத்தவர்களுக்கு நான் ஆடியிலேயே பதியன் போட்டுவிடுவேன். தாழ்வாக ஓடும் ஒரு கிளையை வளைத்து, கணு ஒன்றின் அடிப்பக்கத்தில் தோலை லேசாகச் சீவி, அந்த இடத்தை மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்து, நுனியை வெளியே விட்டுவிட வேண்டும். தாய்ச்செடியிலிருந்து சத்து வந்துகொண்டே இருப்பதால் வாடாது. மூன்று மாதம் போல ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் வேர் பிடித்துவிடும். பிறகு தாய்ப்பக்கத்தை அறுத்துப் பழைய பால் பாக்கெட்டில் மாற்றி, யாருக்கு என்று ஒரு சீட்டைக் குத்தி வைக்க வேண்டியதுதான். வேர் பிடிக்காமல் போனால் கேட்டவர் முகத்தைப் பார்ப்பது சங்கடம் என்பதால் ஒருவருக்கு இரண்டு பதியனாகப் போடுவேன். இரண்டும் பிடித்துவிட்டால் அதிலும் ஒரு நன்மை உண்டு: கூடுதல் செடியைக் கொண்டுபோய்க் கொடுக்க, பேசி நாளாகிவிட்ட ஒரு வீட்டுக்குப் போய் வரலாம்.

பங்குனியிலிருந்து ஆனி வரை வரும் பூவை என்ன செய்வது என்பது தனிக்கதை. மல்லியை விடியற்காலையில் மொட்டாகவே பறித்துவிட வேண்டும். அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு அது விரிந்து மணக்கத் தொடங்கும். மறுநாள் காலையில் ஓரம் பழுத்துவிடும். இடையில் இருக்கும் பொழுதுக்குள் தொடுத்து, கொடுத்து முடித்தாக வேண்டும். ஈரத்துணியில் பொதிந்து குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். மாங்காயை உப்பில் போட்டு வைக்கலாம், முருங்கைக்காயை விற்றுக் காசாக்கலாம். வீட்டுப் பூவுக்கு அந்த இரண்டு வழியும் இல்லை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கிருந்து நாகர்கோவில் போகும் வழியில் தோவாளையில் பெரிய பூச்சந்தையே இருக்கிறது. மார்கழி தையில் வரத்து குறைந்து மல்லி கிலோ ஆயிரங்களைத் தாண்டும்போது செய்தித்தாளில் வரும். ஆனால் சந்தையில் விலை ஏறும் அந்தப் பனிக்காலத்தில் நம் செடியும் சும்மாதான் நிற்கும். நம் வீட்டில் குவியும் காலத்தில் ஊரெல்லாம் குவியும். ஆக, விற்கலாமே என்று கணக்குப் போடுகிற உறவினர்களுக்கு நான் பதில் சொல்வதே இல்லை.

காலை பத்து மணிக்கு வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால், தொடுத்து முடிக்கப் பதினொன்றரை ஆகும். தொடுக்கத் தெரியாதவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இரண்டு பூ இப்பக்கம், இரண்டு அப்பக்கம், ஒரு சுற்று, ஒரு முடிச்சு. விரல்கள் பழகிவிட்ட பிறகு கண்ணுக்கு வேலை இல்லை, வாய்க்கு வேலை வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து அமர்ந்து கூடத் தொடுப்பார். தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதில் எனக்குத் தெரிந்தவை பெரும்பாலும் பூத் தொடுக்கும்போது வந்து சேர்ந்தவைதான். பிச்சியும் கனகாம்பரமும் சேர்த்துக் கதம்பமாகக் கட்டுவது அவருக்குக் கைவந்த வேலை. நடுநடுவே மரிக்கொழுந்தைச் செருகும் இடத்தைப் பார்த்தாலே அது யார் கட்டியது என்று சொல்லிவிடுவேன்.

“மதினி, நாளைக்கு வெள்ளிக்கிழமை, எனக்கு ரெண்டு முழம் எடுத்து வச்சிருங்க” என்று மதிலுக்கு மேலே குரல் வரும். கேட்டு வாங்குகிறவர்களுக்குக் கொடுப்பது எளிது. கேட்காத ஒருவருக்குக் கொடுப்பதைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எதிர்வரிசையில் ஓர் அம்மா இருக்கிறார். கணவர் இறந்த பிறகு அவர் தலையில் பூ வைப்பதில்லை. வைக்கக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் வரிசையாகப் பூக் கொடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அவர் வாசலைத் தாண்டித் தானாகவே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். பூவின் மணத்தைப் பற்றி இத்தனை நெகிழ்ந்து பேசுகிற நாம், ஒரு வீட்டுக்கு மட்டும் அதை மறுக்கிறோம் என்பதை வழக்கம் என்ற பெயரால் மறந்துவிடுகிறோம். நான் மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோலவே அவருக்கும் கொடுத்தேன். முதல் நாள் அவர் தயங்கி, சாமிக்கு வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். இப்போது தயக்கம் இல்லை. பூவை அவர் என்ன செய்கிறார் என்று நான் கேட்பதில்லை. கொடுத்த பிறகு அது அவருடைய பூ. அவர் வீட்டுக் கொல்லையில் இருந்த பவழமல்லியின் அடியில் முளைத்த கன்று ஒன்றை, பெயர்த்து எடுக்க ஆள் வைத்து, எனக்கு அனுப்பினார். அது இப்போது மாடி உயரத்துக்கு வந்து, இரவில் பூத்து விடிவதற்குள் தரையெல்லாம் கொட்டிவிடுகிறது. தரையில் விழுந்ததையே எடுத்துச் சாமிக்கு வைக்கலாம் என்று வழக்கமே விலக்குக் கொடுத்திருக்கும் பூ அது.

சாமி என்றதும் தொரட்டிக்காரர்களையும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிற சிலர் கையில் ஒரு பிளாஸ்டிக் பையும் சிறு கொக்கியும் வைத்திருப்பார்கள். மதிலுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற எதுவும் அவர்களுக்குப் பொதுச்சொத்து. செடிக்குத் தண்ணீர் ஊற்றியது ஒருவர், பூசைப் பலன் இன்னொருவருக்கு! இதைப் பற்றி ஊரில் நடக்கும் சண்டைகளுக்கு அளவே இல்லை. செம்பருத்தி எப்படியும் அன்று மாலையே சுருண்டுவிடும் என்பதால் அதற்காகச் சண்டை போடுவதில் பொருளில்லை என்பது என் கட்சி. ஆகவே ஒற்றைச் செம்பருத்தியையும் நந்தியாவட்டையையும் கதவுக்கு வெளியே அவர்களுக்கென்றே நட்டுவிட்டேன். உள்ளே இருப்பவை தப்பித்தன. ஆனால் மொட்டைப் பறிப்பதையும், கிளையோடு முறிப்பதையும் மன்னிக்க முடியவில்லை. அதற்கு மட்டும் சன்னலிலிருந்து குரல் கொடுப்பேன். செம்பருத்தியின் நுனியில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிய காலத்தில் மட்டும் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து, வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கித் தெளித்து, எறும்புப் புற்றைக் கலைத்துவிட்டு, செடி தேறிவிட்டால் மறுநாளே கொக்கி வந்து நிற்கும்.

பறித்துக் கொடுக்கவே முடியாத பூவும் ஒன்று இருக்கிறது. நிசாகந்தியை இங்கே எல்லோரும் பிரம்மகமலம் என்கிறார்கள். இமயமலையில் பூக்கும் உண்மையான பிரம்மகமலம் வேறு. இது மெக்சிகோ, நடு அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த கள்ளிக் குடும்பத்துச் செடி. இலைபோலத் தெரிகிற தட்டையான தண்டின் ஓரத்தில் மொட்டு வைத்து, தலைகுனிந்து தொங்கி, பூக்கும் நாள் நெருங்கும்போது கழுத்தை வளைத்து மேலே நிமிரும். அன்று மாலை மொட்டு பருத்து, வெளியிதழ்கள் விலகத் தொடங்கியிருந்தால் இரவு பூக்கும் என்று பொருள். தெருவில் சொல்லி அனுப்பிவிடுவேன். எட்டரை ஒன்பதுக்கு மெல்லப் பிரிந்து, நள்ளிரவில் கைத்தலம் அளவுக்கு வெள்ளை வெளேரென்று விரிந்து நின்று, விடியும்போது கசங்கிய துணியாகிவிடும். பார்ப்பதற்கு வந்தே ஆக வேண்டும். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கைப்பேசியோடு வருகிறார்கள். படம் எடுத்து முடிந்ததும் போய்விடுவார்கள் என்று நினைத்தால், நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மணம் படத்தில் வராதே. குழந்தைகள் தூங்கி விழுவதும், தாத்தாக்கள் கை கூப்புவதும், யாரோ ஒருவர் சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவருவதுமாக, கோவில் கொடை அளவுக்கு இல்லாவிட்டாலும் ஒரு சின்ன விசேஷம் நடந்து முடிந்துவிடும். போகும்போது ஒவ்வொருவரும் ஒரு தண்டு கேட்பார்கள். அது மண்ணில் செருகினால் போதும், பிடித்துக்கொள்ளும்.

குழந்தைகளுக்குப் பிடித்தவை வேறு. அந்திமந்தாரையின் நீண்ட காம்பைப் பின்னி நார் இல்லாமலே சரம் ஆக்கலாம் என்பதை ஒரு சிறுமிக்குக் காட்டினேன். பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரமும் அந்தப் பூ விரிகிற நேரமும் ஒன்று என்பதால், இப்போது மாலை நாலரைக்குக் கதவுக்கு வெளியே ஒரு கூட்டமே நிற்கிறது. கனகாம்பரத்தின் காய்ந்த கதிரில் தண்ணீர் பட்டால் விதை படபடவென்று வெடித்துத் தெறிப்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. விதை தெறித்த இடத்தில் எல்லாம் கன்று முளைக்கிறது. ஒரே ஒரு செடியை மட்டும் நான் கேட்டாலும் உடனே கொடுப்பதில்லை, அது அரளி. இலை, பூ, பால் எல்லாமே நஞ்சு. கைக்குழந்தையோ ஆடோ இருக்கிற வீட்டுக்காரர்களிடம் அதைச் சொல்லி, நந்தியாவட்டையைக் கொடுத்து அனுப்புவேன். சிலருக்கு அதில் வருத்தம்தான்.

என்னிடம் இல்லாததும் உண்டு. மனோரஞ்சிதம் வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. பச்சையாக இலையோடு இலையாக மறைந்திருந்து, மஞ்சளாகப் பழுக்கும்போது பழத்தின் வாசனையைக் காட்டிக்கொடுக்கும் அந்தப் பூ, கீழத்தெருவில் ஒரு வீட்டின் பின்சுவரில் படர்ந்திருக்கிறது. அந்த வீட்டு ஆச்சி, பாம்பு வரும் என்று மகன் பயப்படுவதாகவும், வெட்டுவதற்கு முன் எனக்கு ஒரு பதியன் போட்டுத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். பதிலுக்கு அவருக்கு இரண்டு நிசாகந்தித் தண்டும், மல்லியில் ஒரு கன்றும் வேண்டுமாம். மல்லிக்கன்றில் அவர் பெயர்ச் சீட்டைக் குத்திவிட்டேன். பாம்பு பற்றி அந்த மகனிடம் ஆடிக்கு முன் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும்.