2300இல் டீ என்ன விலை?

போன ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய் இரண்டு மணி நேரம் ஆகியும் வரவில்லை. மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். ஒன்பதாவது படிக்கும் அக்கா மகன் வானத்தைப் பார்த்தபடியே கேட்டான்: "மாமா, திடீர்னு உங்களைத் தூக்கிட்டுப் போய் 2300ல விட்டா முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"டீக்கடை எங்கேன்னு கேட்பேன்" என்றேன். பையனுக்கு ஏமாற்றம். பறக்கும் கார், செவ்வாயில் வீடு, ரோபோ போலீஸ் என்று அவன் ஒரு பெரிய பட்டியலோடு காத்திருந்தான் போல. ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டீக்கடையைக் கண்டுபிடிப்பது, போனதும் காசை முதலில் கொடுப்பதா குடித்துவிட்டுக் கொடுப்பதா என்று தெரிந்துகொள்வது, ஊற்றிக்கொடுப்பது மனிதனா இயந்திரமா, மனிதன் என்றால் அவரை அண்ணே என்று கூப்பிடலாமா, கூப்பிட்டால் கோபித்துக்கொள்வாரா, இதெல்லாம்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தோன்றுகிறது. பறக்கும் காரா, அது ஒரு வாரம் வாயைப் பிளக்க வைக்கும். முதல் தடவை விமானத்தில் ஏறியபோது ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்த நான், நாலாவது தடவை சீட் பெல்ட் போட்டதுமே தூங்கிவிட்டேன்.

எங்கள் அப்பாவையே எடுத்துக்கொள்கிறேன். தந்தி ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மோர்ஸ் சத்தத்தைக் காதால் கேட்டே எழுதிவிடுவார். 2013 ஜூலை 14ஆம் தேதியோடு இந்தியாவில் தந்தி சேவை முடிந்தது. அன்றைக்கு ரிட்டயர்டு ஆட்கள் நாலு பேர் ஒன்றாகப் போய் ஆளுக்கொரு தந்தி கொடுத்துவிட்டு வந்தார்கள். அதே அப்பா இப்போது வாட்ஸ்அப்பில் இருக்கிறார். கற்றுக்கொள்ள ஒரு மாதம்கூட ஆகவில்லை. போட்டோ அனுப்புவார், கரண்ட் பில் கட்டுவார், கடையில் க்யூஆர் கோடைப் பார்த்ததும் எனக்கு முன்னால் போனை நீட்டுவார்.

ஆனால் அவர் அனுப்பும் செய்தி மட்டும் இன்னும் தந்திதான். "சேர்ந்தேன். நலம்." "மருந்து வாங்கு. அவசரமில்லை." ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு என்று எண்ணிப் பழகிய கை. வாழ்த்துத் தந்திக்குக்கூட வாக்கியத்தை முழுசாக எழுதாமல் பட்டியலில் உள்ள எண்ணைப் போட்டால் போதும் என்றிருந்த காலத்து ஆள். சென்னையில் படிக்கும் என் தம்பி மகள் ஒரு நாள் போன் செய்து, "பெரியப்பா, தாத்தாவுக்கு என் மேல கோபமா?" என்று கேட்டாள். பரீட்சையில் பாஸ் என்று நாலு பொம்மை, ஆறு ஆச்சரியக்குறி போட்டு அனுப்பியிருக்கிறாள். தாத்தாவின் பதில்: "கிடைத்தது. மகிழ்ச்சி." அவ்வளவுதான். அவர் உண்மையிலேயே மகிழ்ந்துபோய்த் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் வாசலில் "தந்தி" என்று குரல் கேட்டாலே பிரித்துப் படிப்பதற்குள் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். வந்தது கல்யாண வாழ்த்தாகக்கூட இருக்கும். வேற்றுக் காலத்திலிருந்து ஒருவர் 1960க்கு வந்திருந்தால் தந்தி கொடுப்பது எப்படி என்பதை அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டிருப்பார். அந்தக் குரலைக் கேட்டதும் வயிற்றில் விழும் பயத்தை எந்த வகுப்பில் கற்பது? 2300இல் என் கையில் ஏதோ ஒன்று டிங் என்று சத்தம் போடும், சுற்றி இருப்பவர்கள் முகம் மாறும், எனக்கு மட்டும் சிரிக்க வேண்டுமா எழுந்து நிற்க வேண்டுமா என்று தெரியாது.

இது வெறும் கற்பனை இல்லை, நிஜமாகவே இப்படிக் காலம் தாண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். சைபீரியக் காட்டில் லீக்கவ் குடும்பம். மத நம்பிக்கைக்காக 1936இல் ஊரைவிட்டு ஓடிக் காட்டுக்குள் போனவர்கள், 1978இல் புவியியல் ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கும் வரை வெளியுலகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்ததே தெரியாது. ஆனால் ஐம்பதுகளின் கடைசியிலிருந்தே சில நட்சத்திரங்கள் வேகமாக ஓடுவதைக் குடும்பத் தலைவரான கிழவர் கார்ப் கவனித்திருக்கிறார். மனிதர்கள் ஏதோ நெருப்பைச் செய்து மேலே அனுப்புகிறார்கள் என்று அவராகவே ஊகித்துமிருக்கிறார். செயற்கைக்கோளை ஒப்புக்கொண்ட அதே மனிதர், நிலாவில் ஆள் இறங்கியதை மட்டும் நம்பவே மாட்டேன் என்றுவிட்டார். அவரை அசத்தியது என்ன தெரியுமா? செலஃபோன் இல்லை (அப்போது ஏது?), செலஃபேன் காகிதம். கண்ணாடி மாதிரி இருக்கிறது, கசங்குகிறதே என்று மாய்ந்துபோனார். வந்தவர்கள் கொடுத்ததில் அவர்கள் முதலில் வாங்கிக்கொண்டது உப்பு மட்டும். நாற்பது வருஷம் உப்பில்லாமல் சாப்பிட்டதுதான் பெரிய வேதனை என்றார் கார்ப். எனக்கு டீ மாதிரி அவருக்கு உப்பு.

அதிலும் ஒரு சோகம் உண்டு. 1981இல் நான்கு பிள்ளைகளில் மூன்று பேர் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று கூப்பிட்டும் ஒரு மகன் மறுத்துவிட்டான். மிஞ்சிய மகள் அகாஃபியா வெளியுலகத்தைப் போய்ப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று காட்டுக்கே திரும்பிவிட்டார்.

இதற்கு நேர் எதிர் செர்கேய் கிரிகலியோவ். 1991 மே மாதம் சோவியத் நாட்டிலிருந்து மீர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். 1992 மார்ச்சில் இறங்கும்போது அந்த நாடே இல்லை. அவர் ஊர் லெனின்கிராடின் பெயர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிவிட்டது, இறங்கிய இடம் கஜகஸ்தான் என்ற தனி நாடு. 311 நாளில் இவ்வளவும். மனிதர் அலட்டிக்கொள்ளவில்லை, 1994இல் அமெரிக்க விண்கலத்தில் பறந்து சென்ற முதல் ரஷ்யர் ஆனார், 2000இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் முதல் குழுவிலும் போனார். நாடு போனாலும் மனைவி, மகள், தெரிந்த வேலை, கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் இருந்தார்களே. இது முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் இஷி என்றொருவர் இருந்தார், அவருக்கு அது எதுவும் இல்லை. கலிஃபோர்னியாவின் யாஹி இனத்தின் கடைசி மனிதர். மற்றவர்கள் எல்லாரும் குடியேறிகளின் படுகொலையிலும் பட்டினியிலும் நோயிலும் போனவர்கள், அதனால் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்ல முடியாது. 1911இல் ஓரவில் என்ற ஊரில் ஒரு இறைச்சிக் கொட்டடிக்குப் பக்கத்தில் பசியோடு நின்றார். சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் தங்கவைத்தார்கள். அங்கேயே துப்புரவு வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினார், ஞாயிற்றுக்கிழமைகளில் வருபவர்களுக்கு அம்பு செய்து காட்டினார். தீக்குச்சியும் பசையும் அவருக்கு மிகவும் பிடித்துப்போயின. ஆனால் கடைசிவரை தன் பெயரைச் சொல்லவில்லை. தன் ஆட்களில் ஒருவர் அறிமுகம் செய்தால்தான் பெயர் சொல்லலாம் என்பது அவர்கள் வழக்கம், அறிமுகம் செய்ய யாரும் மிஞ்சவில்லை. இஷி என்றால் அவர்கள் மொழியில் மனிதன், அவ்வளவுதான். 1916இல் காசநோயில் இறந்தார்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2300இல் என் பெயர் எனக்கு இருக்கும், ஆனால் யார் மகன், எந்த ஊர், எந்தத் தெரு என்று சொன்னால் "அடடே, நம்ம ஆளா" என்று சொல்ல ஒருவர்கூட இருக்க மாட்டார். பேசுவது தமிழாகவே இருந்தாலும் என் தமிழ் அவர்களுக்கு எப்படிக் கேட்கும்? புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பை வாசித்துப் பார்த்திருக்கிறேன். புரிகிறது, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் தடுக்குகிறது. நாழிகைக் கணக்கும் வராகன் கணக்கும் வந்தால் நான் நின்று யோசிக்க வேண்டும். என் பேச்சையும் அப்படித்தான் யாராவது பொறுமையாக நின்று யோசித்துக் கேட்க வேண்டியிருக்கும்.

வேலை கிடைக்குமா? மென்பொருள் சோதனை என்கிற என் பிழைப்பு அங்கே செல்லாது. அருங்காட்சியகத்தில் உட்காரவைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கீபோர்டில் தட்டிக் காட்டச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். பிரஷர் மாத்திரையும் மூக்குக்கண்ணாடியும் வேறு தேட வேண்டும்.

மருமகனிடம் இவ்வளவும் சொன்னேன். பாதியிலேயே கரண்ட் வந்துவிட்டது, பையன் கீழே ஓடிவிட்டான். சரி, அப்பாவிடமே கேட்டுப் பார்ப்போம் என்று ஊரில் இருக்கும் அவருக்கு அதே கேள்வியை நீளமாக டைப் செய்து அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது.

"போக விருப்பமில்லை. பென்ஷன் இங்கே."