கத்தியை மெலிக்க ஒரு சொரசொரப்பான கல்

என் சமையல் கத்தி கூராகத்தான் இருந்தது. காகிதத்தில் வைத்து இழுத்தால் சத்தமே இல்லாமல் இறங்கும். ஆனால் தடித்த கேரட்டில் பாதி தூரம் போனதும் காய் 'டக்'கென்று பிளந்துவிடும். கத்தி வெட்டவில்லை, ஆப்பு மாதிரி பிளந்துகொண்டிருந்தது. பல வருடம் வாயை மட்டுமே தீட்டியதில், வாய் தேய்ந்து தேய்ந்து அலகின் தடித்த பகுதிவரை ஏறிவிட்டது. வாய்க்குப் பின்னால் இருக்கும் அந்தத் தடித்த பகுதியை, அதாவது தோளை, கரைத்தால் ஒழிய வேறு வழியில்லை.

கையில் இருந்தது 1000 கிரிட் கல். (கிரிட் என்பது கல்லின் துகள் அளவைச் சொல்லும் எண். எண் குறையக் குறையக் கல் சொரசொரப்பு.) ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன். தோள் பளபளத்ததே தவிர மெலியவில்லை. வாயைத் தீட்டும்போது கல்லில் படுவது மெல்லிய ஒரு கோடுதான். மெலிக்கும்போது அலகை ஏறக்குறையப் படுக்கவைத்துத் தேய்க்கிறோம். படும் பரப்பு பல மடங்கு கூடிவிடுகிறது, கையின் அழுத்தமோ அதேதான். துகள்கள் எஃகைக் கடிக்காமல் வழுக்கிக்கொண்டே போகின்றன.

அடுத்து 400 கிரிட் கல் ஒன்று வாங்கினேன். முதல் பத்து நிமிடம் நன்றாகக் கடித்தது. பிறகு அதன் முகம் கறுத்து, கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிட்டது. மழுங்கிய துகள்கள் உதிரவில்லை, இடுக்குகளில் இரும்புப்பொடி வேறு அடைத்துக்கொண்டது. ஏமாற்றத்தில் அதை ஓரமாக வைத்துவிட்டு, 140 கிரிட் வைரத் தகடு ஒன்றை வாங்கினேன். முதல் நாள் அதன் வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன். ஆனால் வைரத் துகள் அதில் ஒரே ஒரு அடுக்குதான், நிக்கல் பூச்சில் பதிந்து நிற்கிறது. அகலப் பரப்பில் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க அதன் கடி குறைந்துகொண்டே வந்தது. அலகில் அது போட்ட ஆழமான கீறல்களைப் போக்குவது இன்னொரு பெரிய வேலை.

கடைசியில் கைகொடுத்தது 120 கிரிட் சிலிக்கான் கார்பைடு கல். குமிழி நிற்கும்வரை தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். மென்மையான கல், தேய்க்கும்போதே மழுங்கிய துகள் உதிர்ந்து புதுத் துகள் மேலே வரும். தோளில் மார்க்கரால் மை பூசி, மை அழியும் இடத்தைப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். அன்று தோள் கண்ணுக்குத் தெரியவே குறைந்தது. (விரல் நுனி கல்லில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் வலி தெரியாது. கல்லில் தேங்கிய துகள் சேற்றில் சிவப்பு கலந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.)

உதிரும் கல் சீக்கிரமே குழியும். குழிந்த கல்லில் தேய்த்தால் அலகின் முகம் தட்டையாக வராது, உருண்டுவிடும். அதனால் தடிமனான கண்ணாடித் துண்டின் மேல் சொரசொரப்பான சிலிக்கான் கார்பைடு பொடியைத் தூவி, தண்ணீர் விட்டு, கல்லை அதில் தேய்த்துச் சமப்படுத்தினேன். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டுவைத்தால், எல்லாக் கோடும் அழியும்போது சமமாகிவிட்டது என்று தெரியும்.

பொடி மிச்சமிருந்தது. ஓரங்கட்டிய 400 கல்லையும் அதில் நாலு நிமிடம் தேய்த்துப் பார்த்தேன். வழவழப்பு போய், முகம் சொரசொரப்பானது. கத்தியை வைத்ததும் புதுக் கல் போலக் கடித்தது! அத்தனை நாளும் கிரிட் எண்ணையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். குறை கல்லின் முகத்தில் இருந்திருக்கிறது. எண்ணைப் பார்த்துக் கல் தேடும் யாரும், வைத்திருக்கும் கல்லை முதலில் பொடியில் ஒருமுறை தேய்த்துப் பார்க்கட்டும் என்பேன்.

இப்போது தோளைக் கரைக்க 120, அந்தக் கீறலை எடுக்க 400, பிறகு 1000, கடைசியில் அதே 1000இல் வாய்க்கு லேசாக நாலு இழுப்பு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கல் பொடிக்குப் போய்வரும். மொத்தம் மூன்று மாலைகள் ஆயின. நேற்று அதே தடிமனில் ஒரு கேரட்டை நறுக்கினேன். கத்தி பலகையைத் தொடும்வரை 'டக்' சத்தம் வரவில்லை.