பிளே ஸ்கூலா, வீடா?

எங்க பொண்ணுக்கு மூணு வயசு ஆனதுமே பார்க்கிறவங்க எல்லாரும் கேட்கிறது, "பாப்பாவை எங்க சேர்த்திருக்கீங்க?" இன்னும் முடிவு பண்ணலைன்னு சொன்னா முகமே மாறிடுது.

எழுத்து, எண் பத்தி எனக்குத் துளியும் கவலை இல்லை. பின்லாந்துல ஒண்ணாம் வகுப்பே 7 வயசுலதான். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல ரோம்ல 'குழந்தைகள் இல்லம்'ங்கிற பேர்ல தொடங்கின பள்ளியோட முறையில பொத்தான் போடுறது, துடைக்கிறது, தண்ணி ஊத்துறது மாதிரி வேலைகளுக்குப் பெரிய இடம் உண்டு. அதெல்லாம் வீட்டுலயே நடக்குது. நேத்து சாயங்காலம் ஒரு டம்ளர்ல இருந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணி மாத்திக்கிட்டே இருந்தா. சிந்தினதும் யாரும் சொல்லாமலே துணி எடுத்துட்டு வந்து துடைச்சா. அந்த வயசுக்கு இதைவிடப் பெரிய பாடம் என்ன இருக்கு?

ஆனா ஒண்ணு மட்டும் எங்களால கொடுக்க முடியலை. அவ ஒரு பொம்மையைப் பிடிச்சு இழுத்தா நாங்க விட்டுடுவோம். அவ வயசுப் பிள்ளை விடாது. ரெண்டு பேரும் இழுத்து, அழுது, கொஞ்ச நேரத்துல தானாவே "அப்புறம் நீ"ன்னு சொல்றதை நாங்க எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது? பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து தனித்தனியா விளையாடின குழந்தைங்க சேர்ந்து விளையாட ஆரம்பிக்கிறதும் இந்த வயசுலதான்.

அதனால அரை நாள் மட்டும் அனுப்பலாம்னு இருக்கோம். பென்சிலைத் திணிக்கிற இடம் வேண்டவே வேண்டாம். அவ பழகுற வரைக்கும் எங்களையும் உள்ளே உட்கார விடணும். இதுக்குச் சம்மதிக்கிற இடத்தைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்.